ஜன்னல் சாரின் தங்கச்சி

ஆபீஸ் கோப்புகளில் அவருக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. கஸ்டம்ஸ் கட்டிடத்தில் வாசல் காவலாளியிலிருந்து டைரக்டர் வரை எல்லோருக்கும் அவர் ஜன்னல் சார்தான். முதலில் கிண்டலாக ஆரம்பித்த பெயர். ஒருநாள் அவரே போனை எடுத்து, "ஜன்னல் பேசறேன், சொல்லுங்க" என்றார். கிண்டல் செய்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் மரியாதையாகவே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி சரக்கு வந்து இறங்கினால், அதை வெளியே எடுக்க ஒரு மனுஷன் எத்தனை படி ஏறி இறங்க வேண்டியிருந்தது தெரியுமா? கஸ்டம்ஸ் ஒரு மாடி, சுகாதாரம் இன்னொரு மாடி. தரக் கட்டுப்பாடு பக்கத்துத் தெரு. செடிகொடி பார்க்கிறவர் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஆடு மாடு கோழி பார்க்கிற டாக்டர் விமான நிலையத்துக்குப் பின்னால். ஒவ்வொருவரிடமும் அதே விவரத்தை மறுபடி மறுபடி எழுதிக் கொடுத்து, அவரவர் ரப்பர் முத்திரைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். முத்திரை வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருப்பார். அவர் வந்துவிட்டால் மை காய்ந்திருக்கும். மை ஈரமாக இருந்தால் அவர் நெஞ்சில் ஈரம் இருக்காது.

இந்தக் கூத்தையெல்லாம் ஒழித்துக்கட்டி, ஒரே திரையில் ஒரே மனு, எல்லா இலாகாவும் அங்கேயே பார்த்து அங்கேயே பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் ஒற்றைச் சாளரத் திட்டம். ஜன்னல் சார் அதற்காக நாயாய் அலைந்தார். "எங்க சட்டம் தனி, எங்க படிவம் தனி" என்று முறுக்கிக்கொண்ட ஒவ்வொரு இலாகாவின் வாசலிலும் போய் நின்று, கெஞ்சி, தாஜா பண்ணி, சில இடத்தில் மேலிடத்துப் பெயரைச் சொல்லி மிரட்டி, எப்படியோ எல்லோரையும் வழிக்குக் கொண்டுவந்தார். கை நீட்டாத மனுஷன். நல்லவர். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவரைத் திட்டத் தோன்றும்போது இதையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரு தங்கச்சி. ஒரே தங்கச்சி. புருஷன் போன பிறகு தனியாகவே நின்று ஊருக்கு வெளியே ஒரு குஞ்சு பொரிக்கும் பண்ணையை நடத்திக்கொண்டிருந்தாள். போன வருஷம் கோழிக் காய்ச்சல் வந்தது. அரசாங்கமே ஆட்களை அனுப்பி, அவள் கண் முன்னாலேயே எல்லாக் கோழிகளையும் கொன்று, குழி வெட்டிப் புதைத்துவிட்டுப் போனது. நோய் எப்படி வந்தது என்று விசாரித்தார்கள். யாரோ ஒருவருக்கு வந்த சரக்கு. காலையில் 'அனுமதிக்க முடியாது' என்று எழுதிய ஓர் அதிகாரி சாயங்காலம் அதே காகிதத்தில் அதை அடித்துவிட்டு 'அனுமதி' என்று முத்திரை குத்தியிருந்தார். நடுவில் என்ன நடந்திருக்கும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஜன்னல் சார் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார். சாளரத்தின் விதிமுறைகளை எழுதும்போது, கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்திருந்த மேனேஜர் அம்மாவிடம் கறாராகச் சொன்னார். "ஒரு தடவை நிராகரிச்சா நிராகரிச்சதுதான். தனி ஆள் யாரும் அதைத் திரும்ப எடுக்கக் கூடாது. எல்லா இலாகாவும் கமிட்டியா உட்கார்ந்து ஒத்துக்கிட்டாத்தான் மாத்தணும்."

"யாராவது தெரியாம அழுத்திட்டா சார்?"

"தெரியாம ஏன் அழுத்தறாங்க? கண்ணு பொடரியிலயா இருக்கு?"

அந்த அம்மா சிரித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். தங்கச்சியின் கோழிகளைக் கொன்ற அந்த அடித்தல் திருத்தலுக்கு இனி இடமே கிடையாது என்ற நிம்மதியில் ஜன்னல் சார் அன்று இரண்டு டீ குடித்தார்.

பிறகு பயிற்சி வகுப்பு ஆரம்பித்தது. ஒரு பெரிய அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், அவற்றுக்கு முன்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு எல்லா இலாகா அதிகாரிகளும். பழகுவதற்கென்று கம்பெனி தனியாக ஒரு பயிற்சிப் பிரதி போட்டுக் கொடுத்திருந்தது. அதில் என்ன செய்தாலும் நிஜத்தில் ஒன்றும் ஆகாது. மேனேஜர் அம்மா கற்பனையாக ஒரு வியாபாரி பெயரை எழுதிக் கொடுத்தார். அதிகாரிகளுக்கு அதில் சுரத்தே இல்லை.

"பொய்ப் பேரெல்லாம் வச்சு எப்படிங்க கை வரும்? நெசமா ஒரு பர்மிட் குடுங்க" என்றார் தரக் கட்டுப்பாட்டுக்காரர்.

ஜன்னல் சார் பையைத் திறந்தார். தங்கச்சியின் பர்மிட் அதில் இருந்தது. காலியாகிப்போன பண்ணையை மறுபடி ஆரம்பிக்க அவள் வெளிநாட்டுப் பண்ணை ஒன்றிலிருந்து தாய்க்கோழி இனக் குஞ்சுகள் வரவழைக்கிறாள். அவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே கொடுப்பார்கள். கெஞ்சிக் கூத்தாடி இந்தத் தடவைக்கு இடம் வாங்கியிருந்தாள். கோழி டாக்டர் பர்மிட்டில் கையெழுத்துப் போட்டு, போகிற வழியில் அவளிடம் கொடுத்துவிடச் சொல்லி அண்ணனிடமே தந்திருந்தார். "இதை ஏத்துங்க, நெசமோ நெசம்" என்று ஜன்னல் சார் எடுத்து நீட்டினார். பெருமையாகத்தான் நீட்டினார்.

ஏற்றினார்கள். திரையில் இலாகாவுக்கு ஒரு கட்டமாகப் பச்சை வந்தது. எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள். அப்போது யாரோ, "சிவப்பு எப்படி இருக்கும்னு பாக்கலாமே" என்றார்கள். கோழி டாக்டர்தான் அன்றைக்கு முன் வரிசையில் இருந்தவர். ஓய்வு பெறக் கொஞ்ச காலமே பாக்கி, கம்ப்யூட்டரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த ஆள். ஒற்றை விரலை நீட்டி, கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, 'நிராகரி' என்பதை அழுத்தினார். திரை முழுக்கச் சிவப்பு. வகுப்பே கை தட்டியது. டாக்டருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. முதலில் கை தட்டியது ஜன்னல் சார்தான்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வகுப்பு முடிவதற்குள் ஆளாளுக்குத் தங்கள் இலாகாவின் நிஜ பர்மிட்டுகளைக் கொண்டுவந்து பயிற்சிப் பிரதியில் ஏற்றிப் பழகிவிட்டார்கள். கடைசி நாள் ஒரே முணுமுணுப்பு. இவ்வளவையும் நிஜச் சிஸ்டத்தில் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டுமா, விரல் ஒடிந்துபோகும், எங்களால் ஆகாது என்று கோரஸாக ஆரம்பித்தார்கள். பயிற்சியில் ஏற்றியதைப் பிரித்துச் சுத்தம் செய்துதான் மாற்ற முடியும், அதற்கு நாளாகும் என்றார் மேனேஜர் அம்மா. திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. மந்திரி வருகிறார். இவ்வளவு பாடுபட்டு வழிக்குக் கொண்டுவந்த அதிகாரிகள் மறுபடி முறுக்கிக்கொண்டால் என்ன செய்வது? 'பயிற்சியில் ஏற்றிய விவரங்களை அப்படியே நிஜச் சிஸ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்று ஜன்னல் சார் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிவப்பு அப்போது அவர் ஞாபகத்தில் இல்லவே இல்லை.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. எல்லா இலாகாவின் ரப்பர் முத்திரைகளையும் வாங்கி, ஒரு பலகையில் ஜன்னல் வடிவத்தில் பசை போட்டு ஒட்டி, மேலே கண்ணாடி போட்டு வரவேற்புக் கூடத்தில் மாட்டினார்கள். அதுவும் ஜன்னல் சாரின் யோசனைதான். மேடையில் அவர், "இனிமே யாரும் எங்கயும் அலைய வேண்டாம். ஒரே மனு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாக் கட்டமும் பச்சையாகும்" என்றார். தங்கச்சி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, குஞ்சு வந்து எறங்கிடுச்சு. வண்டியோட கார்கோ வாசல்ல நிக்கறேன். குடுக்க மாட்டேங்கறாங்க."

"மனு போட்டியா?"

"விமானம் எறங்கின உடனே போட்டேன். நீ சொல்லிக் குடுத்த மாதிரியேதான். சிவப்பா வருது."

"எந்தக் கட்டம் சிவப்பு?"

"எல்லாமே. பர்மிட் நிராகரிக்கப்பட்டதுன்னு வருது. டாக்டர் பேரு போட்டிருக்கு. அவரு கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினா, திரையில இருக்கறதைத்தான் பாப்போம்ங்கறாங்க."

ஜன்னல் சாருக்கு ஒற்றை விரலும் கைதட்டலும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. "இரு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் அம்மாவின் அறைக்கு ஓடினார்.

அந்த அம்மா விவரத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது வகுப்புல அழுத்தினது சார். அப்படியே வந்திருக்கு."

"சரி, எடுத்துடுங்க."

"எடுக்கறதுக்குப் பட்டனே கிடையாது. நீங்கதான் வேண்டாம்னீங்க."

"பின்பக்கமாப் போய் மாத்த முடியாதா?"

"மாத்தினா எல்லா இலாகாவுக்கும் உடனே தகவல் போகும், யாரு மாத்தினா எதுக்கு மாத்தினான்னு. அதுவும் நீங்க கேட்டதுதான். டைரக்டர் எழுத்து மூலமா உத்தரவு குடுத்தா நான் செய்யறேன் சார். இல்லாம செஞ்சா என் வேலை போயிடும்."

அந்த அம்மாவைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. புதுசாக இன்னொரு பர்மிட் வாங்கிவிடலாமே என்று ஜன்னல் சார் தானே உட்கார்ந்து முயன்று பார்த்தார். முதல் கேள்வியிலேயே நின்றுபோனது. உயிருள்ள பிராணிகள் இன்னும் விமானம் ஏறவில்லை என்று உறுதி கூறுகிறீர்களா என்று கேட்டது சாளரம். நோய் உள்ளே வந்த பிறகு பர்மிட் வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டும் பழைய வழக்கத்தை அடைக்க அவரே சேர்த்த கேள்வி.

டைரக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரோட சரக்கு?" என்றார்.

"என் தங்கச்சியோடது சார்."

டைரக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஜன்னல், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாளரம் தொறந்து முழுசா ஒரு மாசம்கூட ஆகலை. நிராகரிப்பை மாத்தின முதல் கேஸே உங்க வீட்டுக் கேஸ்னு இருந்தா, நாளைக்குப் பேப்பர்காரன் நம்ம தோலை உரிச்சுடுவான்."

"தப்பு நம்மளோடது சார். அவ என்ன பண்ணுவா?"

"அந்தத் தப்பைக் கமிட்டி சொல்லட்டும். கமிட்டியைக் கூட்டுங்க, நான் குறுக்க நிக்கலை."

கமிட்டியில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. வெளிநாட்டில் ஏதோ மாநாடு. ஒற்றைச் சாளரத்தின் அருமை பெருமைகளைப் பேசப் போயிருந்தார்கள். போக வேண்டிய பட்டியலில் முதலில் ஜன்னல் சார் பெயர்தான் இருந்தது. தங்கச்சியின் குஞ்சுகள் வருகிற வாரம் என்பதால் அவர்தான் போகாமல் நின்றுவிட்டார். மிச்சம் இருந்தவர்களுக்குப் போன் போட்டால், அவங்க வந்துடட்டுமே சார், எல்லாரும் சேர்ந்தே பேசிடலாம் என்று சொல்லி வைத்தமாதிரி ஒரே பதிலைச் சொன்னார்கள்.

மத்தியானம் அவர் கார்கோ கொட்டகைக்குப் போனார். தகரக் கூரை. உள்ளே அனல். சிவப்பு நாடா கட்டிய ஒரு மூலையில், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கீச்சுக் கீச்சு என்று கொட்டகையே அதிர்கிற மாதிரி சத்தம். ஒவ்வோர் ஓட்டையிலும் மஞ்சள் மஞ்சளாக ஏதோ அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கோழி டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர், பெட்டியைத் திறந்து கொஞ்சம் தண்ணியாவது காட்டுங்க."

"எனக்கு 'ஆய்வு செய்'னு திரையில வரணும் சார். நிராகரிச்ச சரக்குக்கு அது வராது. வராம சீலை உடைச்சா, நோய் வெளிய வந்ததாக் கணக்கு. நேரா எரிக்கற கூடத்துக்கு அனுப்பிடுவாங்க. உடைக்காம இருந்தாலாவது கமிட்டி கூடற வரைக்கும் இருக்கும்." டாக்டர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பொறந்த குஞ்சு வயித்துல கொஞ்சம் மஞ்சக்கரு இருக்கும். அதை வச்சு ரெண்டு மூணு நாள் தாக்குப் பிடிக்கும். ஆனா இந்தச் சூட்டுல தாங்காது சார்."

"மருந்து வைக்கற ஏசி ரூம் இருக்கே."

"காலியாத்தான் இருக்கு. ரூம் ஒதுக்கறதும் இப்ப திரை வழியாத்தான். நிராகரிச்ச சரக்குக்கு ரூம் கிடையாது."

"நீங்க டாக்டர். பாத்துட்டு இருக்கீங்களே."

"அதுக்குத்தான் சார் இங்க உட்கார்ந்திருக்கேன். என் ஆபீஸ்ல ஃபேன் ஓடுது." அவர் அந்த ஒற்றை விரலை மடக்கிக்கொண்டார். "என் விரலை வெட்டிப் போடலாம்போல இருக்கு."

அந்தக் குஞ்சுகளைத் திருப்பி அனுப்புவதையும் யோசித்துப் பார்த்தார்கள். கொண்டுவந்த விமானம் எப்போதோ போய்விட்டது. அடுத்த விமானத்தில் ஏற்றினாலும் போய்ச் சேரும்போது உயிரோடு இருக்காது என்றார் டாக்டர்.

வெளியே வாசலில் தங்கச்சி வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் போன் அடித்தது. பண்ணையிலிருந்து. நிறுத்தியிருந்த வேலைக்காரப் பெண்களையெல்லாம் அவள் மறுபடி கூப்பிட்டிருந்தாள். அவர்கள் காலையிலிருந்து பண்ணைக் கொட்டகையில் சூட்டு விளக்குகளைப் போட்டு, உமி பரப்பி, தண்ணீர்த் தட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள். "எப்ப வருவீங்கக்கா?" என்று கேட்டது ஜன்னல் சாருக்கே காதில் விழுந்தது.

"கொஞ்சம் லேட்டாகும். விளக்கு எரியட்டும்" என்றாள்.

போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். "யாருண்ணே சிவப்பை அழுத்தினது?"

"டாக்டர்தான். வகுப்புல. சும்மா பாக்கறதுக்காக."

"என் பர்மிட் அங்க எப்படி வந்துச்சு?"

"நான்தான் குடுத்தேன்."

"அவரு அழுத்தினப்ப நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் வராது. "கை தட்டினேன்" என்றார்.

தங்கச்சி திட்டியிருந்தாலாவது வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவள் எழுந்து வண்டியின் பின்கதவைத் திறந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தட்டுகளை மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் கீச்சுச் சத்தம் குறைந்திருந்தது. டாக்டர்தான் முதலில் கவனித்துப் போன் செய்தார். ஜன்னல் சார் அந்தப் போனை வைத்த கையோடு வரவேற்புக் கூடத்துக்கு இறங்கி வந்தார். வந்து நின்ற வேகத்தில், முத்திரைகள் ஒட்டிய பலகையின் கண்ணாடியை நீக்கினார். அங்கே உட்கார்ந்திருந்த பெண் எழுந்து, "சார், என்ன சார் பண்றீங்க?" என்று பதறினாள். அவர் காதில் விழவில்லை. ஒரே ஒரு காகிதம். அதில் டாக்டரின் ஒரே ஒரு முத்திரை. அதைக் காட்டிப் பெட்டிகளை வெளியே எடுத்துவிடலாம், பிறகு வேலை போனால் போகட்டும். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஒரு எண்ணம் வந்தது. கோழி டாக்டரின் முத்திரை எது என்று தேடிக் கண்டுபிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தார்.

மரக் கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. எழுத்து இருந்த ரப்பர், பலகையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நல்ல பசையாகப் பார்த்து வாங்கச் சொன்னவரும் அவர்தான்.

கைப்பிடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். எல்லாப் பொறுப்பும் என்னுடையது, பெட்டிகளை விடவும் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கார்கோ வாசலுக்கு எடுத்துப் போனார். காவலாளி அதை இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த ஒரு சுற்றறிக்கையைச் சங்கடத்தோடு கை காட்டினார். எழுத்து மூலமான எந்தக் கடிதத்தையும் ஏற்கக் கூடாது என்ற அந்தச் சுற்றறிக்கையின் கீழேயும் இதே கையெழுத்துதான் இருந்தது.

"நான் விட்டுடுவேன் சார். உங்களுக்கு இல்லாததா" என்றார் காவலாளி. "ஆனா இந்த கேட்டு என் கையில இல்லை. மனு பச்சையானாத்தான் கம்பு மேல தூக்கும். ஆளு தூக்கினா அலாரம் அடிக்கும், போலீஸ் வரும், பெட்டியைப் பூட்டி வச்சுடுவாங்க. பூட்டினா இன்னும் லேட்டாகும்."

அவர் கடிதத்தை மடித்து வாங்கிக்கொண்டார். தங்கச்சி வண்டிப் படியில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் அவள் முகம் கறுத்துப்போயிருந்தது. "விடுண்ணே. வந்து உட்காரு" என்றாள். சின்ன வயசில் அவர் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்தாலும் இவள் இப்படித்தான் சொல்வாள். பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அழவில்லை. கொட்டகைப் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வெளிநாட்டிலிருந்தவர்களை வீடியோவில் சேர்த்துக்கொண்டு ஒரு வழியாகக் கமிட்டி கூடியது. தவறு நடந்திருப்பதை ஏகமனதாக ஒப்புக்கொண்டது. அம்மணி மீது எந்தக் குற்றமும் இல்லை என்று வருத்தம் தெரிவித்தது. இப்படிப்பட்ட பதிவுகளை எப்படித் திருத்துவது என்று ஆராய ஒரு துணைக் கமிட்டி அமைத்துவிட்டுக் கலைந்தது. துணைக் கமிட்டியின் தலைவராக ஜன்னல் சாரையே போட்டார்கள், அவருக்குத்தான் சிஸ்டம் நன்றாகத் தெரியும் என்று.

அதற்கு மறுநாள் கொட்டகையில் சத்தமே இல்லை.

டாக்டர் ஸ்டூலில் இல்லை. லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். கார்கோ மேனேஜர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தார். வெயில் ஏறுவதற்குள் பெட்டிகளை எடுத்து எரிக்க வேண்டும், நாற்றம் பக்கத்துச் சரக்கில் ஏறிவிடும் என்றார். அவராக எரிக்க முடியாது. சரக்குக்குச் சொந்தக்காரர்தான் அழிப்பதற்கு மனு போட வேண்டும், சாளரம் வழியாக. அதைச் சொல்லும்போது மேனேஜர் தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

கொட்டகை ஆபீஸில் ஒரு மேஜையும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. தங்கச்சி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "நான் போடறேன்மா, நீ வெளிய இரு" என்றார் ஜன்னல் சார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். தன் பண்ணையின் பெயரை அடித்தாள். சரக்கின் பெயரை அடித்தாள். எத்தனை என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, பிறகு அதையும் அடித்தாள். சரக்கை என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டது. அழித்தல் என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

ஜன்னல் சார் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். இனி என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். நிராகரித்த சரக்கை அழிப்பதற்கு எந்த இலாகாவுக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது, ஆகவே அதற்குத் தானாகவே ஒப்புதல் வந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். யாரும் காத்திருக்கக் கூடாதே என்றுதான் எழுதினார். அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும்போல இருந்தது. நிறுத்தி என்ன செய்ய?

அவள் 'அனுப்பு' என்பதை அழுத்தினாள்.

கஸ்டம்ஸ் பச்சையானது. சுகாதாரம் பச்சையானது. தரம், செடிகொடி, கால்நடை, விமான நிலையம், எரிக்கும் கூடம் என்று மேலிருந்து கீழ் வரை எல்லாக் கட்டமும் பச்சையாகி முடிந்தபோது அவள் அழுத்திய விரலைக்கூட இன்னும் எடுத்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வாசல் கம்பு மேலே தூக்கிக்கொண்டது.

தங்கச்சி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை செய்யுதே அண்ணே" என்றாள்.

அவள் குரலில் துளிக் கிண்டல் இல்லை. பிறகு போனை எடுத்துப் பண்ணைக்குப் பேசி, விளக்குகளை அணைத்துவிடச் சொன்னாள்.